முனை ஸ்ட்ரிப் மால் ஸோனிங்: நம்ம தெரு வாட்ஸ்அப் குழுவில் ஓடிய பேச்சு (ஆஸ்டின், டெக்ஸஸ்)

வித்யா: எல்லாருக்கும் வணக்கம். சிட்டி ஆஃப் ஆஸ்டின்லேர்ந்து தபால் வந்திருக்கு. முனையில இருக்கற பழைய ஸ்ட்ரிப் மால் இடத்துக்கு ஸோனிங் (எந்த நிலத்துல என்ன கட்டலாம்ங்கற சிட்டி விதி) மாத்தக் கேட்டிருக்காங்க. இப்ப ஜிஆர், அதாவது கடைகளுக்கான வகை. கேக்கறது ஜிஆர்-வி-டிபி90. எத்தனை மாடி வரும்? நிறுத்த முடியுமா?

பிரபா: 90 மாடியா 😳

சுந்தர் அண்ணா: 90 அடி, பிரபா. ஜிஆர்ல இப்பவே 60 அடி உண்டு. டிபி90ங்கற கூடுதல் உயரச் சலுகை கிடைச்சா மேல 30 அடி. சுமாரா ஏழு எட்டு மாடி. பதிலுக்கு வாடகை வீடுகள்ல ஒரு பங்கை வருமானம் குறைஞ்சவங்களுக்கு ஒதுக்கணும். ஏரியா நடுத்தர வருமானத்துல 60 சதவீதத்துக்குள்ள இருக்கறவங்களுக்குன்னா 12 சதவீதம் வீடு, 50 சதவீதத்துக்குள்ளன்னா 10 சதவீதம்.

ராகவன் சார்: டிபி90 வந்த கதை: முன்னாடி விஎம்யூ2-ன்னு இதே மாதிரி உயரச் சலுகை ஒண்ணு இருந்தது. நோட்டீஸ் சரியா குடுக்கலன்னு கோர்ட் 2023 டிசம்பர்ல அதை ரத்து பண்ணிச்சு. 2024 தொடக்கத்துல அதுக்குப் பதிலா கவுன்சில் கொண்டு வந்ததுதான் இது. நோட்டீஸ் விஷயத்துல சிட்டி அடி வாங்கியிருக்கு. ஸோனிங் கேஸ்ல 500 அடிக்குள்ள எல்லாருக்கும் தபால் வரும்.

மீனா: எங்களுக்கு எதுவும் வரல. எங்க அட்ரஸும் ஆஸ்டின்தானே?

சுந்தர் அண்ணா: அட்ரஸ்ல ஆஸ்டின்னு இருந்தா சிட்டிக்குள்ள இருக்கீங்கன்னு அர்த்தம் இல்ல மீனா. அது போஸ்ட் ஆபீஸ் வெச்ச பேரு. ஸ்டைனர் ராஞ்ச்ல பெரும்பகுதி சிட்டிக்கு வெளியதான். பிரஷி க்ரீக் பக்கம் நிறைய வீடுங்க மட்-ல (தண்ணி, கழிவுநீருக்கான தனி மாவட்டம்) இருக்கு. பிராப்பர்ட்டி டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்க. சிட்டி ஆஃப் ஆஸ்டின்னு தனி வரி இருந்தா உள்ள. இல்லன்னா கவுன்சில் ஓட்டு உங்களுக்குக் கிடையாது. பேசறதுக்கு மட்டும் தடை இல்ல.

மீனா: பாத்தேன் அண்ணா. சிட்டி வரி இருக்கு. வீடு 500 அடிக்கு மேல தள்ளி இருக்கு போல.

கார்த்தி: யாரோ ஆன்லைன் பெட்டிஷன் லிங்க் அனுப்பியிருக்காங்க, 900 கையெழுத்து ஆயிடுச்சாம். ஃபார்வர்ட் பண்றேன், எல்லாரும் போடுங்க.

ராகவன் சார்: போடுங்க, ஆனா சட்டப்படி அதுக்கு மதிப்பு பூஜ்யம். ஸோனிங் எதிர்ப்பு மனுன்னு டெக்ஸஸ் சட்டத்துல இருக்கறது வேற. அந்த இடத்தைச் சுத்தி 200 அடிக்குள்ள நிலம் வெச்சிருக்கறவங்க மட்டும்தான் அதுல கையெழுத்துப் போட முடியும். தலையை எண்ண மாட்டாங்க, நிலப்பரப்பைத்தான் எண்ணுவாங்க. டல்லஸ்ல இருக்கறவர் போட்ட கையெழுத்து கணக்குலயே வராது. எதிர்த்தாப்ல ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கற சர்ச் போட்டா பத்துப் பதினஞ்சு வீட்டுக்குச் சமம்.

கார்த்தி: அப்ப 20 சதவீதம் நிலம் சேந்தா கவுன்சில்ல முக்கால்வாசி ஓட்டு வேணும்தானே? 11 பேர்ல 9?

ராகவன் சார்: 2025 ஆகஸ்ட் வரைக்கும் நீங்க சொல்றது சரி. செப்டம்பர் 1-லேர்ந்து ஹெச்பி 24-ங்கற மாநிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தாச்சு. வீடுகள் அதிகம் கட்ட வழி விடற மாற்றமா இருந்தா எதிர்ப்புக்கு 60 சதவீத நிலம் வேணும். அதைச் சேத்தாலும் கவுன்சிலுக்கு சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆறு பேர். பழைய 20 சதவீதமும் முக்கால்வாசி ஓட்டும் மத்த வகை மாற்றத்துக்கு மட்டும்தான். நம்ம கேஸ் அபார்ட்மென்ட். அதனால மனுவுக்காக வீடு வீடா அலையறது வீண் வேலைங்கறது என் கருத்து.

வித்யா: அப்ப வெறுமன உக்காந்து பாக்கணுமா சார்?

சுந்தர் அண்ணா: இல்லம்மா. எந்தக் கதவு திறந்திருக்குன்னு பாக்கணும். முதல்ல எது மூடியாச்சுன்னு சொல்றேன்.

எஸ்பி 840. இதுவும் மாநிலச் சட்டம், 2025 செப்டம்பர் 1-லேர்ந்து. பெரிய ஊர்கள்ல கமர்ஷியல் ஸோனிங் இருக்கற இடத்துல அபார்ட்மென்ட் கட்ட கவுன்சில் கிட்டப் போகவே வேண்டாம். ஏக்கருக்கு 36 வீடு வரைக்குமாவது சிட்டி அனுமதிச்சே ஆகணும். உயரத்துலயும் அந்த இடத்துல கடைக்கு என்ன விடறாங்களோ அதை விடணும். அப்ப ஜிஆர் இடத்துல 60 அடி அபார்ட்மென்ட் இன்னிக்கே வரலாம். ஹியரிங் இல்ல, நோட்டீஸ் இல்ல, குறைஞ்ச வாடகை வீடும் இல்ல.

"அபார்ட்மென்டே வேண்டாம்"னு போய் நின்னா டெவலப்பருக்குச் சிரிப்புதான் வரும். கவுன்சில் டிபி90-ஐ மறுத்தா இருக்கற ஜிஆர்லயே அவர் 60 அடி கட்டிட்டுப் போவார். நம்ம கையில இருக்கறது அந்த மேல் 30 அடி மட்டும்தான். பேரம் பேசறதுன்னா அதை வெச்சுத்தான்.

பிரபா: சூப்பர். அண்ணா என்ன கேக்கலாம்னு சொல்லுங்க. ஸ்கூல் நெரிசல்னு நான் பேசலாம்னு இருந்தேன்.

ராகவன் சார்: ஸ்கூலைச் சொல்லாதீங்க. ரவுண்ட் ராக் ஐஎஸ்டி, அதாவது நம்ம ஸ்கூல் மாவட்டம், தனி அரசு, தனி போர்டு, தனி வரி. கவுன்சிலுக்கு அதுல கை கிடையாது. வீட்டு விலை இறங்கிடும்னு சொல்றதும் எடுபடாது. "வாடகைக்காரங்க வந்துடுவாங்க"ன்னு சொன்னீங்கன்னா கேஸையே கெடுத்துடுவீங்க. கவுன்சில்லயே வாடகை வீட்டுல இருக்கறவங்க உண்டு.

சுந்தர் அண்ணா: கேக்கக்கூடியதை ரெண்டு கூடையாப் பிரிச்சுக்கணும்.

ஒண்ணு, கண்டிஷனல் ஓவர்லே, அதாவது சிஓ. இது ஸோனிங் ஆர்டினன்ஸுக்குள்ளயே வரும், சிட்டி அமல்படுத்தும். சில தொழில்களைத் தடை பண்ணலாம், உதாரணமா அடகுக் கடை, டிரைவ்-த்ரூ. நம்ம சின்னத் தெருப் பக்கம் வண்டி வழி கூடாதுன்னு கேக்கலாம், அது வந்திருக்கற கேஸ்கள் உண்டு.

ரெண்டாவது, ஹெச்ஓஏவும் (நம்ம வீட்டுக்காரங்க சங்கம்) டெவலப்பரும் நேரா எழுதிக்கற தனியார் ஒப்பந்தம். குப்பைத் தொட்டி எந்தப் பக்கம், எட்டடி மதில், பால்கனி விளக்கு எங்க பாக்கணும், லாரி எந்த வழியா வரணும், இதெல்லாம் இங்கதான். சிஓல போட முடியாது. சிட்டி இதை அமல்படுத்தாது, மீறினா நாமதான் கோர்ட்டுக்குப் போகணும். வக்கீலை வெச்சு எழுதி கவுன்ட்டி கிளர்க் ஆபீஸ்ல பதிவு பண்ணணும். நம்ம பக்கம் வில்லியம்சன் கவுன்ட்டி, அதனால ஜார்ஜ்டவுன். கவுன்சில்ல கடைசி ஓட்டுக்கு முன்னாடி கையெழுத்து ஆயிருக்கணும். "ஓட்டு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு டெவலப்பரோட ஏஜென்ட் தேன் மாதிரி பேசுவார். ஓட்டு முடிஞ்சா போனே எடுக்க மாட்டார்.

வித்யா: அந்த ரெண்டு பெரிய ஓக் மரம்?

சுந்தர் அண்ணா: அதுக்காக பேரத்தைச் செலவழிக்காதீங்க. தரையிலேர்ந்து நாலரை அடி உயரத்துல விட்டம் 19 அங்குலம் இருந்தாலே பாதுகாக்கப்பட்ட மரம். ஓக் மாதிரி பட்டியல்ல இருக்கற ஜாதி 24 அங்குலம் இருந்தா ஹெரிட்டேஜ். சட்டம் ஏற்கெனவே காவல் நிக்குது. சும்மா ஒரு டேப் எடுத்து சுற்றளவு அளந்து 3.14-ஆல வகுத்து படத்தோட வெச்சுக்கங்க. பின்னாடி சைட் பிளான் (கட்டட வரைபட அனுமதி) வரும்போது உதவும்.

கார்த்தி: டிராஃபிக்?

ராகவன் சார்: ஸோனிங் கட்டத்துல டிராஃபிக் ஆய்வை பெரும்பாலும் சைட் பிளானுக்குத் தள்ளி வெச்சுடுவாங்க. அதனால "நெரிசல்"னு பொதுவா சொல்லாதீங்க. எந்த வளைவுல எதிர் வண்டி தெரியல, எந்த இடத்துல நடைபாதை அறுந்து போச்சு, எத்தனை அடி. படம், அளவு. இப்படிக் குடுத்தா கேஸ் மேனேஜர் (நம்ம கேஸைப் பாக்கற சிட்டி ஊழியர்) குறிச்சுக்குவார்.

சிட்டி செலவுல நடைபாதை போட்டுத் தருவாங்கன்னு எதிர்பாக்காதீங்க. 2025 நவம்பர்ல ப்ராப் க்யூங்கற வரி உயர்வு ஓட்டெடுப்பு தோத்துது. 100 டாலர் மதிப்புக்கு 5 சென்ட் கூடுதல் வரி கேட்டாங்க, ஜனங்க வேண்டாம்னுட்டாங்க. கவுன்சில் பட்ஜெட்டைத் திரும்பப் போட்டு வெட்ட வேண்டியதாச்சு. நடைபாதையை டெவலப்பர் கிட்ட கேக்கறதுதான் நடைமுறை.

பிரபா: 5 சென்ட்டுக்கு எதிரா ஓட்டுப் போட்டவங்க கை தூக்குங்க 🙋

சுந்தர் அண்ணா: அட்மின், இவரை ம்யூட் பண்ணுங்க 😄

அடுத்தது வரிசை. கேஸ் முதல்ல ஸோனிங் அண்ட் பிளாட்டிங் கமிஷனுக்குப் போகும். நெய்பர்ஹூட் பிளான் இருக்கற ஏரியான்னா பிளானிங் கமிஷன். நம்ம பக்கம் பிளான் இல்ல. அவங்க சொல்றது சிபாரிசு மட்டும்தான், ஆனா சிஓ வார்த்தைகள் பெரும்பாலும் அங்கதான் உருவாகும். அப்புறம் கவுன்சில். ஆர்டினன்ஸுக்கு மூணு ரீடிங், அதாவது மூணு தடவை ஓட்டு. ஏழு ஓட்டு இருந்தா மூணையும் ஒரே நாள்ல முடிச்சுடலாம். முடிச்சுடுவாங்க. அதனால "ரெண்டாவது ரீடிங்ல பாத்துக்கலாம்"னு நம்பாதீங்க.

பேச்சுவார்த்தைக்கு நேரம் வேணும்னா ஒத்திவைப்பு கேளுங்க. ரெண்டு தரப்புக்கும் முதல் தடவை பெரும்பாலும் குடுத்துடுவாங்க. அதை முதல் வாரமே வீணாக்காம, ஒப்பந்த வரைவு கையில வந்த பிறகு கேளுங்க.

மீனா: நான் ஹெச்-1பி. பேசலாமா? ஏதாவது பிரச்சனை வருமா?

ராகவன் சார்: தாராளமா பேசலாம். குடியுரிமை கேக்க மாட்டாங்க. எதிர்ப்பு மனுவுக்கும் நிலம் உங்க பேர்ல இருந்தா போதும். ஆனா ரெண்டு விஷயம் கண்டிப்பா கூடாது. ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபாரம் யார் நீட்டினாலும் வாங்காதீங்க, குடியுரிமை இல்லாம பதிவு பண்ணா விசா, கிரீன் கார்டு எல்லாம் ஆபத்து. இன்னொண்ணு, கவுன்சில் தேர்தல்ல யாருக்கும் நன்கொடை குடுக்காதீங்க, ஹெச்-1பிக்கு ஃபெடரல் சட்டப்படி தடை. லோக்கல் தேர்தலுக்கும் சேத்துத்தான். கிரீன் கார்டு இருந்தா குடுக்கலாம்.

வித்யா: அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, தினமும் அந்த வழியாதான் நடக்கறாங்க. அவங்க தமிழ்ல பேசினா?

ராகவன் சார்: பேசட்டும்மா. மொழிபெயர்ப்பாளர் மூலமா பேசறவங்களுக்கு மத்தவங்களை விட ரெண்டு மடங்கு நேரமாவது குடுக்கணும்னு டெக்ஸஸ் ஓப்பன் மீட்டிங்ஸ் சட்டத்துலயே இருக்கு. முன்கூட்டியே சொல்லி வெச்சுடுங்க.

பிரபா: அம்மாவுக்கு ரெண்டு மடங்கு, எனக்கு எவ்வளவு?

சுந்தர் அண்ணா: கூட்டம் இருந்தா ரெண்டு நிமிஷம், சில நாள் ஒரு நிமிஷம். வியாழக்கிழமை மீட்டிங். பேர் பதிவு திங்கள் காலை 10 மணிக்குத் திறக்கும். போன்ல பேசணும்னா புதன் மதியம் 12-க்குள்ள பதியணும். ஸோனிங் கேஸ்கள் மதியம் 2 மணிக்கு மேலதான், காலையிலேயே லீவ் போட வேண்டாம். சிட்டி ஹால் கராஜ்ல வண்டி விட்டா டிக்கெட்டை உள்ள கொண்டு போய் வேலிடேட் பண்ணிக்கங்க.

கன்சென்ட் அஜெண்டாவைக் கண்கொத்திப் பாம்பா பாருங்க. எதிர்ப்பு இல்லன்னு தோணினா நம்ம கேஸையும் அதுல சேத்து மொத்தமா ஒரே ஓட்டுல நிறைவேத்திடுவாங்க. நம்ம டிஸ்ட்ரிக்ட் மெம்பர் ஆபீஸுக்கு முன்னாடியே சொன்னா தனியா எடுத்துப் பேச வெப்பாங்க.

ராகவன் சார்: இதை விட முக்கியம் கவுன்சில் மெசேஜ் போர்டு. ஆறு பேர் கோரம், அதாவது கவுன்சில் கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை. அஞ்சு பேருக்கு மேல ரகசியமா கலந்து பேசினா, சங்கிலி மாதிரி ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பேசினாக்கூட, குற்றம். அதனால திருத்தங்களைப் பொது மெசேஜ் போர்டுல எழுதுவாங்க, யார் வேணா படிக்கலாம். செவ்வாய், புதன்ல அங்க நம்ம சிஓ வார்த்தை வந்திருக்கான்னு பாருங்க. வரலன்னா வியாழன் மைக்ல புதுசா வராது. மேயருக்கும் ஒரே ஓட்டுதான், வீட்டோ கிடையாது. மேயர் வாட்சனுக்கு நாலு மெயில் போடறதை விட நம்ம மெம்பரோட ஸோனிங் ஸ்டாஃபுக்கு ஒரு மெயில் மேல்.

வித்யா: சரி சார். கேஸ் மேனேஜருக்கு இப்பவே அனுப்பிட்டேன். வண்டி வழி, நடைபாதை அளவு, படம் மூணு. ஸ்டாஃப் ரிப்போர்ட்டோட சேக்கச் சொல்லி கேட்டிருக்கேன். கேஸ் நம்பர் சப்ஜெக்ட்ல போட்டாச்சு.

ராகவன் சார்: சி14ன்னு போட்டீங்களா, சி14ஹெச்னா? ஹெச் போட்டா ஹிஸ்டாரிக் கேஸ், வேற ஆள் மேசைக்குப் போயிடும்.

வித்யா: சி14தான் சார் 😅 ரெண்டு தடவை பாத்துட்டேன்.

சுந்தர் அண்ணா: நல்லது. ஹெச்ஓஏ போர்டு சிட்டியோட கம்யூனிட்டி ரெஜிஸ்ட்ரில (சங்கங்களோட பட்டியல்) பதிஞ்சிருக்கான்னு கார்த்தி பாக்கட்டும். பதிஞ்சிருந்தா அடுத்த நோட்டீஸ் சங்கத்துக்கும் வரும். காசு கிடையாது.