மவுஸ் இல்லாமல் தேடல் முடிவுகளில் நகர முடியவில்லை, அவசர உதவி தேவை

முகில்77 · காலை 10:12
வணக்கம். கீபோர்டை மட்டும் வைத்துத் தேடல் முடிவுகளில் மேலும் கீழும் நகர்ந்துகொண்டிருந்தேன். இன்று காலையிலிருந்து திடீரென்று நின்றுவிட்டது. அடுத்த முடிவுக்கு ஜே, முந்தையதற்குக் கே என்று அழுத்துவேன், இப்போது இரண்டுக்கும் அசைவே இல்லை. / அழுத்தினால் தேடல் பெட்டிக்கும் போகவில்லை. மணிக்கட்டு வலியால் மவுஸைத் தொடக்கூடாது. மாலைக்குள் ஒரு கட்டுரைக்குத் தகவல் திரட்டியாக வேண்டும். ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டேன். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

இளவேனில் · 10:15
எந்த பிரௌசர், எந்தத் தேடுபொறி, விண்டோஸா மேக்கா லினக்ஸா, ஒன்றுமே சொல்லவில்லையே? ஜே, கே எல்லாத் தேடுபொறியிலும் கிடையாது. இந்த மூன்றையும் சொன்னால்தான் யாராலும் உதவ முடியும்.

காற்றாடி · 10:18
எஃப்7 மேல் கை பட்டிருக்கும். பயர்பாக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றிலும் அந்த விசை கேரட் பிரௌசிங்கை இயக்கிவிடும். அப்புறம் பக்கத்துக்குள்ளேயே ஒரு எழுத்துச்சுட்டி மின்னும். கீழ் அம்புக்குறியை அழுத்தினால் பக்கம் உருளாது, அந்தச் சுட்டிதான் வரி வரியாக இறங்கும். இயக்கட்டுமா என்று ஒரு பெட்டி கேட்டிருக்கும், அவசரத்தில் என்டர் தட்டியிருப்பீர்கள். எஃப்7ஐ மறுபடி ஒருமுறை அழுத்துங்கள், சரியாகிவிடும்.

இளவேனில் · 10:21
@காற்றாடி கேரட் பிரௌசிங் அம்புக்குறியைத்தானே மாற்றும்? அவர் சொல்வது ஜே, கே, / மூன்றையும். முகில், அம்புக்குறி வேலை செய்கிறதா? அதையும் சொல்லுங்கள்.

பழையகணினி · 10:29
இங்கே பல வருடமாகச் சொல்லி வருகிறேன், கேள்வி கேட்கும் முன் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். ஜே, கே என்பது பிரௌசரின் வேலையே இல்லை. தேடுபொறி தன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் வசதி. டக்டக்கோவில் ஜே, கே உண்டு, அம்புக்குறியும் உண்டு. கூகுளில் / அழுத்தினால் தேடல் பெட்டிக்குப் போகும். ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றில் போய் அதையே எதிர்பார்த்தால் எப்படி நடக்கும்? டேப் விசை அடுத்த இணைப்புக்குப் போகும், ஷிப்ட்டும் டேப்பும் முந்தையதற்குத் திரும்பும், என்டர் திறக்கும், ஆல்ட்டும் இடது அம்பும் பின்னால் கொண்டுபோகும். இந்த நான்கும் தெரிந்தால் எந்தத் தளத்திலும் பிழைத்துக்கொள்ளலாம். ஓர் எழுத்துக் குறுக்குவழிகளை நம்பி வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

வடவரை · 10:34
இதற்கெல்லாம் ஒரே தீர்வு விமியம்தான், பிரௌசரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் நீட்சி. எஃப் அழுத்தினால் திரையில் தெரியும் ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஓரிரு எழுத்து முளைக்கும். அந்த எழுத்தைத் தட்டினால் போதும், திறந்துவிடும். ஷிப்ட்டோடு எஃப் அழுத்தினால் புதிய தாவலில் திறக்கும். தேடுபொறி என்ன கொடுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கவே வேண்டாம். மணிக்கட்டு வலி உள்ளவருக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. போட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

இளவேனில் · 10:37
அவரிடம் ஏற்கெனவே விமியம் இருந்தால்? அதுவே ஜே, கே இரண்டையும் பக்கத்தை உருட்டப் பிடித்து வைத்துக்கொள்ளும், / அழுத்தினால் தன் சொந்தத் தேடலைத் திறக்கும். எழுத்து பக்கத்துக்கே போய்ச் சேராது. அப்படியானால் விமியத்தின் அமைப்பில் அந்தத் தளத்துக்கு மட்டும் இந்த விசைகளை விலக்கி வைக்க வேண்டும். முகில், நீட்சி ஏதாவது இருக்கிறதா?

தட்டச்சன் · 10:48
பழையகணினி ஐயா சொன்ன டேப் முறையைத் தேடல் முடிவுப் பக்கத்தில் ஒருதரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் பரிந்துரைக்க வேண்டும். முகப்பு இணைப்புகள், படம், செய்தி, வீடியோ என்று ஒரு வரிசை, கருவிகள், விளம்பரங்கள், அதற்குப் பிறகுதான் முதல் முடிவு. ஒவ்வொரு முடிவுக்கும் தலைப்பு ஒரு நிறுத்தம், பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிப் பட்டன் இன்னொரு நிறுத்தம், அடியில் துணை இணைப்புகள் இருந்தால் அவை தனி. நடுவில் 'பிறர் கேட்டவை' பெட்டி வந்தால் அதன் ஒவ்வொரு கேள்வியும் ஒரு நிறுத்தம். வலிக்கிற கையோடு இதைச் செய்யச் சொல்லக்கூடாது.

முகில், உங்கள் பிரச்சினை என்னவாக இருந்தாலும் இப்போதைக்கு வேலை ஓட ஒரு வழி சொல்கிறேன். குரோமிலும் பயர்பாக்ஸிலும் செல்லும், எந்தத் தேடுபொறியாக இருந்தாலும் சரி, எந்த நீட்சியும் வேண்டாம். முடிவுப் பக்கம் வந்ததும் கன்ட்ரோல் எஃப் அழுத்துங்கள். நீங்கள் திறக்க நினைக்கும் முடிவின் தலைப்பிலிருந்து ஒரு சொல்லை அடியுங்கள், பாதிச் சொல்லே போதும். அந்தச் சொல் நிறம் மாறித் தெரியும். வேறு இடத்தில் நின்றால் என்டர் தட்டினால் அடுத்த இடத்துக்குத் தாவும். சரியான தலைப்பில் நின்றதும் எஸ்கேப் அழுத்துங்கள். தேடல் பட்டை மூடிக்கொள்ளும், ஆனால் கவனம், அதாவது அடுத்து அழுத்தும் விசை போய்ச் சேரும் இடம், அந்த இணைப்பின் மேலேயே நிற்கும், சுற்றிலும் ஒரு கோடு தெரியும். இப்போது என்டர் தட்டினால் திறக்கும்.

என்டருக்குப் பதில் கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் பின்னணியில் புதிய தாவலில் திறக்கும். முடிவுப் பக்கமும் நின்ற இடமும் அப்படியே இருக்கும். தகவல் திரட்டுகிறவருக்கு இது பெரிய உதவி. வேண்டியதையெல்லாம் வரிசையாகத் திறந்து வைத்துவிட்டு, அப்புறம் கன்ட்ரோல் டேப் போட்டு ஒவ்வொன்றாகப் படிக்கலாம், படித்து முடித்ததைக் கன்ட்ரோல் டபிள்யூ போட்டு மூடலாம். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். நீங்கள் அடிக்கும் சொல் தலைப்பில் இருக்க வேண்டும். கீழே உள்ள சுருக்கத்தில் மட்டும் இருந்தால் அது இணைப்பு இல்லை, என்டர் தட்டினால் ஒன்றும் நடக்காது.

காற்றாடி · 10:52
தட்டச்சன் சொன்னது எனக்கே புதிது. சரி, ஆனாலும் எஃப்7ஐ ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பழையகணினி · 10:58
@தட்டச்சன் டேப் நிறுத்தங்கள் அதிகம் என்றால் அது பக்கத்தை வடிவமைத்தவரின் தவறு, டேப்பின் தவறு இல்லை. முதல் தடவை டேப் தட்டினாலே முதன்மைப் பகுதிக்குத் தாவும் இணைப்பு வர வேண்டும் என்பது, இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டு விதிகளான டபிள்யூசிஏஜியின் 2.0 பதிப்பு 2008இல் வந்த காலத்திலிருந்து உள்ள எதிர்பார்ப்பு. திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைத் தாண்ட வழி இருக்க வேண்டும் என்று அதில் 2.4.1 என்ற விதியே இருக்கிறது. கூகுள் முடிவுப் பக்கத்தில் அப்படித் தாவும் இணைப்பு இருக்கிறது. யாரும் நின்று பார்ப்பதில்லை.

வடவரை · 11:01
விதி இருக்கிறது என்பதால் கை வலி குறையாது. ஜே, கே இருந்தால் ஒரு தட்டுக்கு ஒரு முடிவு. எல்லாத் தேடுபொறியும் இதைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் நிலை. இரண்டு விரலும் நடு வரிசையை விட்டு நகர வேண்டியதே இல்லை.

முகில்77 · 11:04
விண்டோஸ், பயர்பாக்ஸ், டக்டக்கோ. நீட்சி எதுவும் இல்லை. எஃப்7 பார்த்தேன், அது இல்லை. அம்புக்குறி வேலை செய்கிறது, ஆனால் அது வலது ஓரத்தில் இருப்பதால் கையை நகர்த்தி நகர்த்தி வலி கூடுகிறது. நேற்று வரை ஜே, கே நன்றாக வேலை செய்தது. தட்டச்சன் அண்ணா சொன்னதை வைத்து இப்போதைக்கு ஓட்டுகிறேன், நன்றி.

செவிவழி · 11:16
திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரை வாசிப்பான் மூலம்தான் நான் எல்லாம் செய்கிறேன், அதனால் ஓர் எழுத்து விசை பற்றிய பேச்சில் ஒன்று சொல்ல வேண்டும்.

என்விடிஏ என்ற திரை வாசிப்பானைப் பயன்படுத்தும்போது பக்கத்தைப் படிக்கும் நிலையில் எழுத்து விசைகள் எல்லாம் என்விடிஏவுக்கே போகும். ஹெச் தட்டினால் அடுத்த தலைப்பு, 3 தட்டினால் அடுத்த மூன்றாம் நிலைத் தலைப்பு, கே தட்டினால் அடுத்த இணைப்பு. கூகுளில் முடிவுகளின் தலைப்புகள் மூன்றாம் நிலையில் குறிக்கப்பட்டிருப்பதால் 3 மட்டும் தட்டித் தட்டி முடிவுகளில் இறங்கிவிடுவேன். நடுவில் உள்ள மூன்று புள்ளிப் பட்டன்கள் என் வழியில் வருவதே இல்லை. ஆக எனக்கு முக்கியம், பக்கத்தை எழுதுகிறவர் முடிவின் தலைப்பைத் தலைப்பாகவே குறித்திருக்க வேண்டும். வெறுமனே பெரிய எழுத்தில் காட்டிவிட்டால் கண்ணுக்குத்தான் அது தலைப்பு, எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தளம் வைக்கும் ஜே, கே என் வரை வராது. வேண்டுமென்றால் என்விடிஏ விசையும் எஃப்2வும் அழுத்திவிட்டு அடுத்த விசையைப் பக்கத்துக்கு அனுப்பலாம், ஆனால் ஒவ்வொரு முடிவுக்கும் அப்படிச் செய்து யாரும் படிக்க மாட்டார்கள்.

பழையகணினி · 11:22
இதைத்தான் நானும் சொல்கிறேன். 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1இல் 2.1.4 விதியைப் படியுங்கள். ஓர் எழுத்துக் குறுக்குவழி வைத்தால் அதை அணைக்க வழி இருக்க வேண்டும், அல்லது வேறு விசைக்கு மாற்ற வழி இருக்க வேண்டும், அல்லது அந்தப் பகுதியில் கவனம் இருக்கும்போது மட்டும் இயங்க வேண்டும். குரலால் கணினியை இயக்குகிறவர் ஒரு சொல்லைச் சொன்னால் அதன் எழுத்துகள் ஒவ்வொன்றாக விசையாகப் போய் விழுந்து, பக்கம் தாறுமாறாகத் தாவும். எல்லாத் தேடுபொறியும் கொடுக்க வேண்டும் என்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

வடவரை · 11:27
அணைக்க வழி வையுங்கள் என்றுதானே அந்த விதி சொல்கிறது? வைக்கவே கூடாது என்று சொல்லவில்லையே. குரலால் இயக்குகிறவருக்கு அணைக்கும் வழி, வலிக்கிற கைக்கு ஜே, கே. இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

செவிவழி · 11:31
வடவரை சொல்வது சரி. ஒருவருக்கு வேண்டியது இன்னொருவருக்கு இடைஞ்சலாகக்கூடாது, அவ்வளவுதான். இதை வைத்து முகிலுக்குக் கிடைத்த வசதியைத் தவறு என்று சொல்ல வேண்டாம்.

தட்டச்சன் · 11:33
கவனம் எங்கே நிற்கிறது என்று காட்டும் கோட்டை அழகுக்காக அழித்துவிடும் தளங்களையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கண் தெரிந்தும் கண்ணைக் கட்டிவிட்டதுபோல ஆகிவிடுகிறது. டேப் தட்டிக்கொண்டே இருப்போம், எங்கே நிற்கிறோம் என்று தெரியாது.

இளவேனில் · 11:36
எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். முகில் 11:04க்கே பதில் போட்டிருக்கிறார், யாரும் பார்க்கவில்லை. அம்புக்குறி ஓடுகிறது, எழுத்துகள் மட்டும் ஓடவில்லை.

காற்றாடி · 11:39
அப்படியானால் கவனம் தேடல் பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். ஜே அழுத்தினால் பெட்டிக்குள் எழுத்து விழுகிறதா பாருங்கள். விழுந்தால் ஒரு டேப் தட்டி வெளியே வாருங்கள்.

நிரல்நேயன் · 11:51
முகில், ஒரே கேள்வி. தமிழில் தேடுகிறீர்களா? தமிழ் கீபோர்டு இயங்கிக்கொண்டிருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் சொன்னதில் ஒரு தடயம் இருக்கிறது. பயர்பாக்ஸில் / என்பது பிரௌசருக்கே சொந்தமான விசை. பக்கம் அதை எடுத்துக்கொள்ளாவிட்டால், பிரௌசர் அடியில் ஒரு சிறிய தேடல் பட்டையைத் திறக்கும். உங்களுக்குப் பெட்டிக்கும் போகவில்லை, பட்டை திறந்ததாகவும் நீங்கள் சொல்லவில்லை. அதாவது / என்ற குறியே பிரௌசரை எட்டவில்லை. இடையில் யாரோ அதை வேறு எழுத்தாக மாற்றுகிறார்கள்.

தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு அமைப்பில் ஜே இருக்கும் இடத்தில் ப, கே இருக்கும் இடத்தில் ம, / இருக்கும் இடத்தில் ழ. நீங்கள் அழுத்துவது ஜே, பக்கத்துக்குப் போவது ப. வந்த எழுத்து ஜேதானா என்று பார்க்கும் பக்கம் ப வந்தால் கண்டுகொள்ளாது. விசை கீபோர்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கும்படி எழுதியிருந்தால்கூட, எல்லாத் தமிழ்த் தட்டச்சு மென்பொருளிலும் அது நிச்சயமில்லை. சில மென்பொருள்கள் விசையை இடைமறித்து எழுத்தை மட்டும் அனுப்பும். அம்புக்குறி, டேப், என்டர் எல்லாம் எந்த மொழியிலும் ஒன்றுதான், அதனால்தான் அவை மட்டும் உங்களுக்கு ஓடுகின்றன.

விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டு ஜே தட்டிப் பாருங்கள். தனி மென்பொருள் வைத்திருந்தால் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

வடவரை · 11:55
இது எனக்குத் தோன்றவே இல்லை. விமியத்துக்கும் இதே சிக்கல் உண்டு. அதன் அமைப்பில் கீபோர்டு மொழியைப் பொருட்படுத்தாதே என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதை இயக்க வேண்டும். தமிழில் தட்டுகிற எல்லோரும் அதை இயக்கி வைப்பது நல்லது.

பழையகணினி · 12:03
தமிழில் தேடுகிறேன் என்ற ஒரு வரியை முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு நேரம் ஆகியிருக்காது. விவரம் முழுதாகக் கொடுங்கள் என்று சொல்வது அதற்காகத்தான்.

இளவேனில் · 12:05
அது ஒரு காரணம் என்று அவருக்கு எப்படித் தெரியும் ஐயா? வலியோடு இருக்கிறார், விடுங்கள்.

முகில்77 · 12:40
அதேதான். நேற்று தமிழ்99 போட்டேன், அதைச் சொல்லத் தோன்றவில்லை. ஆங்கிலத்துக்கு மாறியதும் ஜே, கே, / மூன்றும் வந்துவிட்டது. நன்றி நிரல்நேயன், எல்லோருக்கும் நன்றி. வேலைக்குப் போகிறேன்.

தட்டச்சன் · 12:44
தமிழில் தேடிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறி நகர்ந்து, மறுபடி தமிழுக்கு மாறுவது தொல்லையாக இருந்தால் கன்ட்ரோல் எஃப் முறையை விட்டுவிடாதீர்கள். தமிழ்த் தலைப்பைத் தமிழிலேயே அடித்துத் தேடலாம், மொழியை மாற்றவே வேண்டாம்.

நிரல்நேயன் · 12:52
விண்டோஸ் அமைப்பில் தட்டச்சு, அதற்குள் மேம்பட்ட கீபோர்டு அமைப்பு என்ற இடத்தில், ஒவ்வொரு செயலி ஜன்னலுக்கும் தனித்தனி உள்ளீட்டு முறை வைத்துக்கொள்ளும் தெரிவு ஒன்று இருக்கிறது. கட்டுரை எழுதும் ஜன்னலில் தமிழ், பிரௌசரில் ஆங்கிலம் என்று வைத்தால் முக்கால்வாசி நேரம் மாற்ற வேண்டியிருக்காது. விண்டோஸே தரும் தமிழ் கீபோர்டுக்குத்தான் இது. தனியாக நிறுவிய மென்பொருள் என்றால் அதன் சொந்த அமைப்பைப் பார்க்க வேண்டும்.

செவிவழி · 13:10
என்விடிஏவில் தமிழ் கீபோர்டு இயங்கும்போது ஹெச், 3 போன்றவை உங்களில் யாருக்காவது தடங்கலில்லாமல் வருகின்றனவா? எந்தத் தட்டச்சு மென்பொருளோடு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.