1981-ல் கட்டிய 34 அடி பாய்மரப் படகு: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

புதுஅலை:

வணக்கம். எங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு பழைய படகு விலைக்கு வந்திருக்கிறது. 34 அடி, ஃபைபர்கிளாஸ், 1981-ல் கட்டியது. வார்ப்பிரும்பு கீல் (படகு கவிழாமல் இருக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான துடுப்பு), போல்ட் போட்டு அடியில் முடுக்கியது. பாய்மரம் உள்ளே கீல் வரை இறங்காமல் தளத்தின் மேலேயே நிற்கிறது. நானும் மனைவியும்தான் ஓட்டப்போகிறோம்; முதலில் கரையோரமாகப் பழகிவிட்டு, அப்புறம் இரவு பகலாகக் கடலில் இருக்கிற பயணங்கள் போக ஆசை.

படகை இப்போது கரையேற்றி வைத்திருக்கிறார்கள். அடிப்பக்கம் முழுக்க நகம் அளவுக்குக் கொப்புளங்கள். பாய்மரத்தின் பக்கத்தில் தளத்தை மிதித்தால் லேசாக அமுங்குகிறது. உள்ளே செயின்பிளேட் (பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் உலோகத் தகடு) இறங்கும் இடத்தில் மரத்தடுப்பில் பழுப்புக் கறை. டீசல் இன்ஜினுக்கு வாளியில் தண்ணீர் கொடுத்து ஓட்டிக் காட்டினார்கள், உடனே ஸ்டார்ட் ஆனது, ஆனால் நான் போனபோதே அது சூடாக இருந்தது. மற்றபடி உள்ளே மெத்தை, சமையல் இடம், திரை எல்லாம் புதிது, பார்க்க அவ்வளவு அழகு.

கொப்புளத்தைப் பார்த்துத்தான் பயமாக இருக்கிறது. படகின் உடம்பு போய்விட்டதா?

உப்புக்காற்று:

கொப்புளத்தை விடுங்கள் தம்பி. மேல்பூச்சுக்குள் தண்ணீர் மெல்ல ஊறி, உள்ளே கரையக்கூடிய ரசாயனத்தோடு சேர்ந்து அழுத்தம் ஏறிப் புடைப்பதுதான் அது. நகம் அளவில், மேல்பூச்சோடு நின்றால் பெரும்பாலும் தோற்றக் குறைதான், பேரம் பேச உதவும். உள் அடுக்குகள் பிரிந்திருந்தால்தான் கதை வேறு, அதைத் தட்டிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிற மற்ற இரண்டும்தான் என்னை உலுக்குகிறது. தளம் அமுங்குகிறது, செயின்பிளேட் பக்கத்தில் கறை. இந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் தளம் என்பது இரண்டு மெல்லிய ஃபைபர்கிளாஸ் தோல், நடுவில் பால்சா மரம். மூன்றும் ஒட்டியிருக்கும்வரைதான் அதற்கு விறைப்பு. தளத்தில் எதையாவது பொருத்தத் துளை போட்டு, தண்ணீர் புகாமல் அடைத்த சீலன்ட் பசை காய்ந்துபோனால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி மரத்தை மெதுவாகக் கூழாக்கிவிடும், வெளியே ஒன்றுமே தெரியாது. அதுவும் உங்கள் படகில் பாய்மரத்தின் மொத்த அழுத்தமும் அந்தத் தளத்தின் மேல்தான் இறங்குகிறது.

பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல் எடுத்துக்கொண்டு தளம் முழுக்க, கைப்பிடி அகலத்துக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் டக் டக்கென்று தெளிவாகச் சொல்லும், கெட்ட இடம் மந்தமாகக் கேட்கும். மந்தமான இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டால் ஒரு வரைபடமே கிடைத்துவிடும். கூடவே பாய்மரத்துக்கு நேர் கீழே இருக்கும் தாங்குதூணின் அடியைப் பாருங்கள், பக்கத்துக் கதவு சரியாக மூடுகிறதா என்றும் பாருங்கள். தளம் இறங்கியிருந்தால் கதவு இறுகும்.

டீசல்கை:

இன்ஜின் பற்றி மட்டும். சூடான இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினால் அதை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். அடுத்த முறை "நான் வருமுன் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் முதலில் இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது, என்ன புகை விடுகிறது என்பதுதான் சோதனை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் முழுசாக எரியவில்லை: இன்ஜெக்டராக இருக்கலாம், காற்று அடைப்பாக இருக்கலாம், பாரம் அதிகமாக இருக்கலாம். முதலில் வரும் வெள்ளைப் புகை நின்றுவிட்டால் சரி, சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் கம்ப்ரெஷன் குறைவோ சிலிண்டருக்குள் தண்ணீரோ என்று சந்தேகப்படுங்கள். ஆயில் குச்சியில் பால் மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது.

இதெல்லாம் பாரம் இல்லாமல் ஓடும்போது தெரிவது. தண்ணீரில் இறக்கி, கியர் போட்டு, முழு வேகத்தில் நன்றாக ஓடவிட்டு வெப்பநிலை ஏறுகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். புகைபோகும் குழாயில் கடல்நீர் கலக்கும் முழங்கை மாதிரி வளைந்த பகுதி கார்பனும் உப்பும் சேர்ந்து அடைத்திருக்கும், பல இன்ஜின்களின் மூச்சுத்திணறல் அங்கேதான்.

நீள்கடல்:

கீலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கீலும் படகும் சேரும் கோட்டின் முன்பக்கம் சிரிப்பு மாதிரி வாய் பிளந்திருக்கிறதா, துரு வழிகிறதா என்று பாருங்கள். அப்புறம் உள்ளே போய் பில்ஜ் (படகின் அடிப்பள்ளம்) பலகையைத் தூக்கி, கீலின் பின்முனைக்கு நேர் மேலே விரிசல் தேடுங்கள். படகு பாறையில் மோதினால் கீலின் பின்முனை மேல்நோக்கி உந்தும், அடி அங்கேதான் விழும். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிக்கி என்ற 40 அடிப் படகின் கீல் பிரிந்து நான்கு பேரை இழந்தோம். முன்பு தரைதட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றுதான் பிரிட்டிஷ் விசாரணை சொன்னது. அதனால் "எப்போதாவது தரைதட்டியதா, யார் சரிசெய்தார்கள்?" என்று நேராகக் கேளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் இரவுப் பயணம் போகிறவர்கள். 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியில் புயலில் 15 போட்டியாளர்கள் இறந்த பிறகு, படகு எளிதில் கவிழுமா என்று பார்க்க ஒரு எளிய கணக்கு வந்தது. படகின் எடையை பவுண்டில் எடுத்து 64-ஆல் வகுத்து, அதன் கனமூலத்தைக் கண்டுபிடித்து, படகின் அதிகபட்ச அகலத்தை அடியில் எடுத்து அந்தக் கனமூலத்தால் வகுக்க வேண்டும். 12,000 பவுண்டு, 10.8 அடி அகலம் என்றால் சுமார் 1.89 வரும். 2-க்குக் கீழே இருப்பது நல்லது. கனம் எங்கே இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை, ஆகவே இது முதல் வடிகட்டி மட்டும்தான்.

புதுஅலை:

எல்லோருக்கும் நன்றி. இன்று போய்த் தட்டிப் பார்த்தேன். பாய்மரத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் மந்தம், முன்பக்க ஹேட்ச் (தளத்தில் இருக்கும் திறப்புமூடி) வரை போகிறது. கழிவறைக் கதவு கீழே உரசுகிறது. கீல் கோடு சுத்தமாக இருக்கிறது, உள்ளேயும் விரிசல் இல்லை, தரைதட்டியதே இல்லை என்கிறார் விற்பவர். பாய்மரக் கம்பிகள் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லை. செயின்பிளேட் பளபளவென்றுதான் இருக்கிறது, அது போதாதா?

உப்புக்காற்று:

போதாது. துருப்பிடிக்காத எஃகு என்கிறோமே, காற்று படும்வரைதான் அதன் மேல் பாதுகாப்புப் படலம் நிற்கும். தளத்துக்குள் நுழையும் இடத்தில் ஈரம் இருக்கும், ஆக்சிஜன் இருக்காது, உப்பு இருக்கும். வெளியே கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு உள்ளே குழி விழுந்து பாதி தின்றுபோயிருக்கலாம். ஒன்றையாவது கழற்றாமல் தெரியாது. கம்பிகளுக்கு வயது தெரியாவிட்டால் மாற்ற வேண்டியவை என்றே கணக்குப் போடுங்கள், பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள்தான் அவற்றை நம்புவார்கள்.

தளத்தின் மேல்தோலை அறுத்து, அழுகியதைத் தோண்டி, புது மரமோ ஃபோமோ வைத்து, மறுபடி ஃபைபர்கிளாஸ் போட்டு, வழுக்காத பூச்சு அடிக்க வேண்டும். அதற்கு முன் பாய்மரத்தை இறக்க வேண்டும். பொருளைவிட உழைப்புதான் இதில் பெரிய செலவு. கதவு உரசுகிறது என்கிறீர்கள், அதனால் தாங்குதூணின் அடியையும் திறக்க வேண்டியிருக்கும். புது மெத்தையைப் பார்த்து மயங்காதீர்கள், இந்தப் படகின் மதிப்பு அந்தத் தளத்துக்குள் இருக்கிறது.

என்னைக் கேட்டால்: விற்பவர் சொல்லும் சர்வேயர் (படகைச் சோதித்துச் சொல்பவர்) வேண்டாம், நீங்களே தேடிப் பிடித்தவரைக் கூப்பிடுங்கள். தளம், தாங்குதூண், செயின்பிளேட், கம்பி, நான்கையும் சரிசெய்ய ஒரு பட்டறையிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி விலையிலிருந்து கழியுங்கள். அதற்கு அவர் இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கீல் நன்றாக இருக்கிற வேறு 34 அடிப் படகு கிடைக்கும். கறை இருக்கும் பக்கத்து செயின்பிளேட்டைக் கழற்றச் சம்மதித்தால், முதலில் பாய்மரத்தை ஹேலியர்டால் (பாயை ஏற்றும் கயிறு) அந்தப் பக்கம் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், அப்புறம்தான் அந்தப் பக்கத்துக் கம்பியைத் தளர்த்த வேண்டும். போல்ட் முறிந்தால் யார் செலவு என்பதை அதற்கு முன்பே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.