டோபா ஏரியின் அடிமண்ணைத் தொட்ட அனுபவம்: நீங்கள் கண்டதையும் எழுதுங்கள்

சமோசிர் பயணி

505 மீட்டர் ஆழமுள்ள ஏரியின் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க நீருக்குள் இறங்கியாக வேண்டும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சுமத்ராவின் டோபா ஏரியில் அதற்கு மேடேற வேண்டியிருந்தது. கரையூரான பராபட்டிலிருந்து படகில் ஏரி நடுவே உள்ள சமோசிர் தீவின் தோமோக் சேர்ந்து, வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளில் தீவின் மேட்டைக் கடந்து மேற்குக் கரையிலுள்ள பங்குருரானை நோக்கிச் சென்றபோது, சாலைக்காக வெட்டிய சரிவு ஒன்று சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்துத் தெரிந்தது.

வண்டியை நிறுத்திக் கையளவு கட்டி ஒன்றைப் பெயர்த்தேன். காய்ந்த வடாம் போல எடையே இல்லை. நகத்தால் கீறியதும் மாவாக உதிர்ந்தது; நாக்கு நுனியில் வைத்தால் ஒட்டிக்கொண்டது (யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்). வெட்டுமுகத்தை வாயால் ஊதிவிட்டுப் பார்த்தால், பழைய கணக்கு நோட்டின் ஓரம் போல மெல்லிய வரிகள். நடுவே விரல் கனத்தில் நறநறவென்று சாம்பல் நிற மணல் அடுக்கு ஒன்று ஓடியது. பெருமழையோ நிலச்சரிவோ கரையிலிருந்து அடித்துக்கொண்டு வந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அந்த வெள்ளை மண், டயட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடு. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, அடியில் இருந்த பாறைக்குழம்பு வெளியேறியதும் மேற்கூரை உள்ளே சரிந்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பள்ளம் உண்டாயிற்று. அதில் மழைநீர் தேங்கியது. எரிமலைச் சாம்பலிலிருந்து கரைந்து வந்த சிலிக்காவைக் கொண்டு ஓடு கட்டிக்கொண்ட பாசிகள் மடிந்து மடிந்து அடியில் படிந்தன. பிறகு மிஞ்சிய குழம்பு கீழிருந்து நெருக்கியதில், ஏரியின் தரையே வண்டலைச் சுமந்தபடி குறைந்தது 450 மீட்டர் மேலெழுந்தது. அப்படி எழுந்த தரைதான் சமோசிர். தீவு மேற்குப் பக்கமாகச் சாய்ந்திருப்பதால் கிழக்கே செங்குத்துச் சரிவாகவும், பங்குருரான் பக்கம் மெல்ல இறங்கும் வயல்வெளியாகவும் இருக்கிறது. மீன் நீந்திய தளத்தில் இன்று நெல் விளைகிறது என்பதை அங்கே நின்றபோது என்னால் நம்பவே முடியவில்லை.

நந்தியால் பக்கத்துக்காரன்

நான் டோபாவுக்குச் சென்றதில்லை. ஆனால் டோபா எங்கள் பக்கம் வந்திருக்கிறது. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில், செம்மண்ணுக்கு நடுவே ஆள் உயரத்துக்கும் மேலாக வெண்சாம்பல் படிந்திருப்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்தேன். பாத்திரம் துலக்கும் தூளுக்காக அதை வெட்டி எடுத்துச் செல்வார்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். காற்றில் வந்து விழுந்த சாம்பல் சில சென்டிமீட்டர்தான் இருந்திருக்கும். சுற்றுப்புறச் சரிவுகளிலிருந்து மழைநீர் அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து பள்ளத்தில் சேர்த்ததால்தான் அவ்வளவு கனம். அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்ததை 2007இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தபோது கண்ணாடித் தூள் போலச் சுருக்கென்று குத்தியது. நீங்கள் தொட்ட மண் மாவு போல உதிர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்; ஒரே வெடிப்பின் பிள்ளைகளுக்குள் இத்தனை வேறுபாடு.

நுண்ணோக்கி

வேறுபாட்டுக்குக் காரணம் சொல்கிறேன். ஆய்வகத்தில் இரண்டையும் பார்த்தவள் நான். எரிமலைச் சாம்பல் என்பது உடைந்த நுரைக்குமிழிகளின் விளிம்பு. கூர்மையாக, வளைந்த கண்ணாடிச் சில்லாகத் தெரியும். டயட்டம் ஓடோ வரிசை வரிசையாகத் துளையிட்ட சல்லடை. வெறும் துளையாக இருப்பதால்தான் அந்தக் கட்டிக்கு எடை இல்லை. நாக்கின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்வதும் அதனால்தான்.

கண்ணுக்கே தெரியாத அடுக்கைத் தேடுவதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. 7,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியடியில் துளையிட்டு எடுத்த நீண்ட வண்டல் தண்டில் டோபாவின் சில்லுகள் இருப்பதை 2013இல் கண்டறிந்தார்கள். வெறும் கண்ணால் பார்த்தால் அந்த இடத்தில் சேறு மட்டும்தான். அந்த அடுக்கை ஒட்டிய வண்டலில் பெரும் குளிர்ச்சிக்கான தடயம் இல்லாததால், டோபா வெடிப்பு உலகையே பல்லாண்டு உறைய வைத்தது என்று அடித்துப் பேசுவோரிடம் நான் இதைத்தான் நினைவூட்டுவேன்.

சமோசிர் பயணி அவர்களுக்கு ஒரு கேள்வி. அந்தக் கட்டியை எந்த அடுக்கிலிருந்து பெயர்த்தீர்கள், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்து வைத்தீர்களா? தீவின் உயரமான பகுதிப் படிவுகளுக்குக் கரிமம்-14 முறையில் (கதிரியக்கக் கரிமம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து வயதைக் கணிக்கும் முறை) ஏறத்தாழ 33,000 ஆண்டு வயது கணித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகே அந்த இடம் நீரைவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். இடமும் திசையும் தெரியாத கட்டி எங்களுக்குப் பக்க எண் இல்லாத கிழிந்த தாள்.

சமோசிர் பயணி

குறிக்கவில்லை அம்மா, வெட்கமாகத்தான் இருக்கிறது. கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். தோமோக்கில் படகேறுவதற்குள் பாதி பொடியாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டதால் மீதியும் குழைந்து, சீப்பிலும் கடவுச்சீட்டின் உறையிலும் வெள்ளையாக அப்பிக்கொண்டது. அந்த உறையை இன்னும் கழுவவில்லை. அந்தப் பொடி வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன், மேல்பக்கம் எது என்று மட்டும் கேட்காதீர்கள்.