சிங்கப்பூரில் கேமிங் லேப்டாப்பைத் தினமும் தூக்கித் திரிபவர்களே, இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம்?

உட்லண்ட்ஸ் கடைசி ரயில்

ராஃபிள்ஸ் பிளேஸில் மூடிப் பையில் போட்ட மெஷின். உட்லண்ட்ஸில் ஜிப்பை இழுத்தால் அடுப்புக்குள் கைவிட்ட மாதிரி அனல். இரண்டு விசிறியும் அலறுகின்றன, பேட்டரி 92 விழுக்காட்டிலிருந்து 47. மூடினால் தூங்கிவிடும் என்பதெல்லாம் பழைய கதை. இப்போது வரும் பல மெஷின்களில் எஸ்3 எனும் பழைய ஆழ்ந்த தூக்கமே கிடையாது. எஸ்0 என்று ஒன்று: திரை அணையும், மற்றதெல்லாம் அரைத்தூக்கத்தில் கிடக்கும், அப்டேட் வந்தால் எழுந்து உட்காரும். உங்களுடையது எது என்று பார்க்க, விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, ஸ்லாஷ், ஏ (powercfg /a) என்று அடியுங்கள். தூக்க வகைகளில் எஸ்0 மட்டும்தான் என்றால் மூடியை நம்பாதீர்கள். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி, மாற்றுங்கள். பேட்டரி, மின்சாரம் இரண்டு வரிசையிலும். ஹைபர்னேட் அங்கே தென்படாவிட்டால் நிர்வாகி அனுமதியோடு அதே கட்டளை, ஏ இருந்த இடத்தில் எச், இடைவெளி, ஆன். 32 ஜிபி ராம் உள்ள மெஷினில் சேமிப்பகமான எஸ்எஸ்டியில் 13 ஜிபி அளவுக்கு இடம் போகும். போகட்டும்.

பிடோக் பெரியவர்

ஹைபர்னேட் சரிதான் தம்பி, ஆனால் எழுப்பியது யாரென்று தேடவே இல்லையே. அதே கட்டளையில் ஸ்லாஷ் ஸ்லீப்ஸ்டடி போட்டால் ஓர் அறிக்கைக் கோப்பு வரும். எந்தத் தூக்கத்தில் எது விழித்திருந்தது, எவ்வளவு பேட்டரி தின்றது என்று வரிவரியாகக் காட்டும். பாதி நேரம் குற்றவாளி வயர்லெஸ் மவுஸின் டாங்கிள்தான், யுஎஸ்பியில் செருகும் அந்தக் குட்டி ரிசீவர். டாங்கிள் லேப்டாப்பில், மவுஸ் அதே பையில். ரயில் குலுங்க மவுஸ் நகர்கிறது, மெஷின் எழுகிறது. டிவைஸ் மேனேஜரில் மவுஸுக்குள் போய், கணினியை எழுப்பும் அனுமதியை எடுத்துவிடுங்கள். டாங்கிளைக் கழற்றி வைப்பது இன்னும் சுலபம். இன்னொன்று, முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள், பிறகு மூடுங்கள். மின்சாரத்தில் இருக்கும்போதே மூடி, அப்புறம் பிடுங்கினால் சில மெஷின்கள் இன்னும் மின்சாரத்தில் இருக்கிற நினைப்பிலேயே வேலை பார்க்கும்.

செங்காங் அக்கா

எனக்கு உறுத்துவது சூடு இல்லை, குளிர். இரவெல்லாம் 22 டிகிரி ஏர்கான் அறையில் அணைத்துக் கிடந்த மெஷின். காலையில் சன்னல் திறந்திருந்த கூடத்து மேசைக்கு வந்த சில நிமிடத்தில் அலுமினிய மூடி முழுக்க ஈரம் பூத்துவிட்டது. விரலால் கோடு போடலாம். நம்மூர்க் காற்று 24, 25 டிகிரிக்குக் கீழே உள்ள எதன்மேல் பட்டாலும் நீராகப் படியும். மூடியில் படிந்தது உள்ளே வெப்பத்தகட்டிலும் படியும். பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு எடுத்து ஆன் செய்தால் போதும்.

பிடோக் பெரியவர்

அக்கா, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டால் முடிந்தது.

செங்காங் அக்கா

முடியாது அண்ணே. தினமும் திறந்து மூடும் பையில் அந்தப் பொட்டலம் சீக்கிரமே ஈரத்தால் நிறைந்து சும்மா கிடக்கும். உலோகம் அறைச்சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பது ஒன்றுதான் வழி. சற்றுமுன்வரை ஓடிய மெஷின் தானே வெதுவெதுப்பாக இருக்கும், அதற்கு இந்தக் கவலை இல்லை. ரயில் தம்பிக்கு அந்த விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம்.

கிளமென்டி வாட்

சார்ஜர் செருகியிருக்கிறது, ஆட்டம் ஓடுகிறது, பேட்டரி 100-லிருந்து 81-க்கு இறங்கிவிட்டது. மெஷினைக் குறை சொல்லுமுன் கூட்டிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் சிப் உச்சத்தில் 175 வாட், சிபியு 60 முதல் 80, திரை, விசிறி, எஸ்எஸ்டி சேர்த்து இன்னொரு 25. கையில் இருப்பது 230 வாட் அடாப்டர் என்றால் மீதி எங்கிருந்து வரும்? பேட்டரியிலிருந்துதான். தினமும் இப்படியே ஓடினால் பேட்டரியின் சார்ஜ் சுற்றுகள் வீணாகக் கழியும். 330 வாட் அடாப்டரின் முதுகைப் பாருங்கள், பலவற்றில் 20 வோல்ட், 16.5 ஆம்பியர் என்று இருக்கும். யுஎஸ்பி-சி வழியாக 20 வோல்ட்டில் 5 ஆம்பியர்தான், அதாவது 100 வாட். 28 வோல்ட் தரும் புதிய வகை சார்ஜரும் கேபிளும் மெஷினும் மூன்றும் ஒத்துப்போனால் 140. அலுவலகத்தில் எக்செல், பிரவுசர் ஓட்ட அது தாராளம். பெரிய அடாப்டரை வீட்டிலேயே விட்டுவிட்டால் தோளில் ஏறக்குறைய ஒரு கிலோ குறையும். ஆனால் வெளித்திரையை எச்டிஎம்ஐயில் மாட்டினால் கவனம்: பல மெஷின்களில் அந்தத் துளை நேராகக் கிராஃபிக்ஸ் சிப்போடு இணைந்திருக்கும். மாட்டிய நொடியிலிருந்து சிப் தூங்காது.

மாற்று அடாப்டர் வாங்கப் போனால் சிம் லிம் ஸ்குவேரோ இணையமோ, உடம்பில் சிங்கப்பூர் பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். கணினி அடாப்டர் இங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்.

தேக்கா டு தாம்பரம்

தாம்பரம் வீட்டில் மூடியைத் தடவினால் விரலில் விறுவிறுவென்று ஊர்கிறது. இங்கே ஒருநாளும் இல்லாத ஊறல். காரணம், நம் மூன்று முள் பிளக்கை யுனிவர்சல் அடாப்டரில் செருகி, அதை அங்கே சுவரில் செருகுவது. அந்த அடாப்டர் பலவற்றில் எர்த் முள் இரண்டாம் பக்கத்துக்குப் போவதே இல்லை. சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் எர்த் கிடைக்காமல் மெஷினின் உலோக உடம்பைச் சுவர் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதியில் மிதக்க விடும். மின்னோட்டம் மிகச் சிறிது, அதனால்தான் ஊறலோடு நிற்கிறது. தீர்வு எளிது: சார்ஜரின் சுவர்க் கேபிளை மட்டும் மாற்றுங்கள். பெரிய அடாப்டர் பலவற்றில் சி13 என்ற, டெஸ்க்டாப் கணினிக்கு வரும் அதே கேபிள்தான். இந்திய மூன்று முள் வைத்தது அங்கே எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும். மாற்றியும் ஊறினால் அந்த வீட்டுச் சாக்கெட்டிலேயே எர்த் இல்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பேட்டரி 99 வாட் மணி என்று போட்டிருப்பதைக் கண்டு விமான நிலையத்தில் பயப்படவேண்டாம், வரம்பு 100.

பொங்கோல் ஸ்க்ரூ

மேலே சூடு பற்றிப் பேசியவர்கள் யாரும் தூசியைத் தொடவில்லை. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் எத்தனை அடி? தாளிப்பு எண்ணெய்ப் புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, புகைமூட்டம் வந்தால் அதுவும் சேர்ந்து விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளி விரித்ததுபோல் அடைத்துக்கொள்ளும். ஒரு மெஷினில் அதை இடுக்கியால் முழு நீளத் துண்டாகவே உரித்தெடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெளிக்காற்றுத் துளை வழியாகக் காற்றடித்தால் தூசி திரும்ப விசிறிக்குள்தான் போகும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றுங்கள். உத்தரவாதம் பாக்கி இருந்தால் முதலில் விற்றவரிடம் கேளுங்கள். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பிஎச்0 ஸ்க்ரூடிரைவரால் அடிமூடி. ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. ஓர் அட்டையில் மெஷினின் வடிவம் வரைந்து அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் கீபோர்டுப் பக்கம் மேடு தட்டும். அடுத்து பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், இதைத் தாண்டாதீர்கள். விசிறி இறக்கையைப் பல்குத்தியால் அசையாமல் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் விசிறி அளவுக்கு மீறிச் சுற்றித் தாங்கி கெடும். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஐசோபுரோப்பில் ஆல்கஹால், மென்மையான பிரஷ்.

சிப்புக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றுவது தனி வேலை. ஆட்டத்தின் நடுவே சிபியுவின் ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 15 டிகிரி கூடக் காட்டினால் பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கலாம். பேஸ்ட்டுக்குப் பதில் வைக்கும் ஹனிவெல்லின் பிடிஎம்7950 ஷீட் 45 டிகிரியில் இளகி நிரம்பும், சாதாரணப் பேஸ்ட் போலப் பிதுங்கிப் போகாது. மேல்தாளை உரிக்குமுன் சில நிமிடம் ஃபிரீசரில் வையுங்கள். உங்கள் மெஷின் பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டலோடு (திரவ உலோகம்) வந்ததா? வெப்பத்தகட்டைத் தூக்காதீர்கள். அந்தத் திரவ உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்.

ஈசூன் 60 ஃபிரேம்

இவ்வளவு கழற்றுவதற்குமுன் 2 நிமிட வேலை ஒன்று இருக்கிறது, ஐயா. 240 ஹெர்ட்ஸ் திரை என்பதற்காக நொடிக்கு 240 ஃபிரேம் (படம்) ஓட்டவேண்டுமா? என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட்டை 90 அல்லது 100-க்குக் கட்டுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் சிபியு உச்ச நிலையை 100-லிருந்து 99 விழுக்காடாக்கினால் பல மெஷின்களில் டர்போ எனும் கூடுதல் வேகம் நின்றுவிடும்; 95 டிகிரியில் கொதித்த சிப் பல ஆட்டங்களில் 70 சொச்சத்துக்கு வரும். சிபியுவை நம்பி ஓடும் ஆட்டங்களில் ஃபிரேம் குறையும், அதற்கு மட்டும் திருப்பி வையுங்கள். கூலிங் பேட் வாங்கச் சொல்பவர்களிடம் ஒரு வார்த்தை: பின்பக்கத்தை 3 சென்டிமீட்டர் தூக்கி வைத்தாலே சாதாரண பேட் தரும் பலனில் பெரும்பகுதி வந்துவிடும். காசு மிச்சம், சத்தமும் மிச்சம்.

மின்கட்டணத்தைப் பற்றிக் கவலையா? 250 வாட்டில் 4 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், சுமார் 30 காசு. அது அறைக்குள் விடும் சூட்டை வெளியேற்ற ஓடும் ஏர்கானைக் கணக்கில் சேருங்கள்.

கிளமென்டி வாட்

விட்டுப்போனது ஒன்று. எப்போதும் செருகியே வைத்திருப்பவர்கள் தயாரிப்பாளரின் மென்பொருளில் சார்ஜ் வரம்பை 80 விழுக்காட்டில் நிறுத்துங்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி உப்பும். டச்பேட் அழுத்தினால் முன்போல் அமுங்கவில்லை, மேசையில் வைத்தால் மெஷின் ஆடுகிறது என்றால் அடிமூடியை அழுத்தி ஸ்க்ரூவை இறுக்காதீர்கள். அணைத்து, சார்ஜ் போடாமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.