டெல்லி கணேஷ்: ‘ஐயர் வேட நடிகர்’ என்பது சரியான மதிப்பீடா?

கேள்வி:
2024 நவம்பரில் டெல்லி கணேஷ் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகளில் பல, நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த அவரை அக்கிரகாரத்துத் தந்தையாகவும் சமையற்காரராகவும் மட்டுமே நினைவுகூர்ந்தது எனக்கு வருத்தம் அளித்தது. அவருடைய திறமையின் முழு வீச்சை அறிய எந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
‘பசி’யிலிருந்து (1979) தொடங்குங்கள். துரை இயக்கிய அந்தப் படத்தில், ஷோபாவின் தந்தையாக, சென்னைக் குடிசைப் பகுதியின் ரிக்‌ஷாத் தொழிலாளியாக வருகிறார். தமிழக அரசின் சிறப்புப் பரிசும் அதற்காகக் கிடைத்தது. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் பிறந்த ஒருவர் சென்னைத் தமிழை அவ்வளவு இயல்பாகப் பேசுகிறார் என்பதையும், அதே மனிதர் ‘மைக்கேல் மதன காமராஜ’னில் (1990) மணி ஐயராகப் பாலக்காட்டுத் தமிழின் இழுவையைச் சிறிதும் பிசகாமல் பிடிக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஐயர் வேடம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காத செவிநுட்பம் அவருடையது என்பது விளங்கும். ‘அபூர்வ சகோதரர்க’ளில் (1989) காவல் அதிகாரி சேதுபதியைக் கொல்லும் நால்வரில் ஒருவரும் அவரே.

மறுமொழி 2:
என் தேர்வு ‘சிந்து பைரவி’ (1985). மிருதங்க வித்துவான் குருமூர்த்தி குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்தது தெரிந்ததும், படத்தின் நாயகனான பாடகர் ஜே.கே.பி. அவரை விலக்கிவிட்டு மிருதங்கம் இல்லாமலேயே பாடுகிறார். குருமூர்த்தி குற்றவாளிதான், நாம் அதை மறப்பதில்லை. ஆனாலும் தன் கலையின் மீது உண்மையான பற்றுள்ள ஒருவன் மேடையை இழக்கும்போது படும் அவமானத்தை, எந்த மிகையும் இன்றி டெல்லி கணேஷ் நம்மிடம் கடத்திவிடுகிறார். பின்னர் அதே ஜே.கே.பி. குடிக்கு அடிமையாகும்போது அந்த அவமானம் நமக்கு மீண்டும் நினைவுக்கு வருகிறதென்றால், அதற்குத் துணை நடிகர் ஒருவர் முன்பே இட்ட அடித்தளமே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி 3:
அவருடைய பயிற்சிக்களம் நாடகம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1964 முதல் பத்தாண்டுகள் விமானப்படையில் பணியாற்றிய அவர், டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தவர். சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நடித்த பிறகே, ‘பட்டினப்பிரவேசம்’ (1977) வழியாக கே. பாலசந்தர் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தார். மேடையிலிருந்து வந்தவர்கள் பலரிடம் எஞ்சியிருக்கும் உரத்த குரலை அவர் படக்கருவிக்கு முன்னால் தணித்துக்கொண்டார். ‘நாயக’னில் (1987) வேலு நாயக்கரின் அருகில் ஐயராக அவர் பேசாமல் நிற்கும் காட்சிகளைக் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ‘நாயக’னைப் பலமுறை பார்த்திருந்தும் என் கண்கள் கமல்ஹாசனை விட்டு அகன்றதே இல்லை. இம்முறை ஐயரை மட்டுமே தொடர்ந்து பார்க்கப் போகிறேன். அதற்கு முன்பாக ‘பசி’.