வீட்டு வாசல்லயே பிரேக் வேலை பாத்தவங்க அனுபவம் (மதுரை, சுத்துப்பட்டு)

திருநகர் ஸ்விஃப்ட்:
சிறுமலை போனவங்களுக்குத் தெரியும், 18 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒண்ணும் தெரியாது. இறங்கும்போது வண்டி நிறைய ஆளு, டிக்கில சிறுமலை வாழைத்தாரு. பாதி மலைக்கு மேல பெடல் மெத்து மெத்துனு உள்ள போக ஆரம்பிச்சிருச்சு. கருகுன வாடை வேற. ஓரங்கட்டி ஆறவிட்டுத்தான் கீழ வந்து சேந்தோம்.

ஊருக்கு வந்து கேட்டா ஆளுக்கொரு யோசனை சொல்றாய்ங்க. ஓட்டை போட்ட டிஸ்க் (சக்கரத்தோட சுத்துற தட்டு) மாட்டு, பெரிய காலிப்பர் (அந்தத் தட்டைக் கவ்வுற அமைப்பு) மாட்டுனு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. மலையில ரெண்டு விதமா பிரேக் கைவிடும். டிஸ்க்கை அழுத்துற பேடு சூடேறி வழுக்குனா பெடல் கட்டையா நிக்கும், வண்டிதான் நிக்காது. ஆயில் கொதிச்சா பெடலே தரைக்குப் போயிரும். எனக்கு நடந்தது ரெண்டாவது. பிரேக் ஆயில் காத்துல இருக்க ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். டாட் 3ங்கிற தரத்து ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் தாங்கணும்ங்கிறது கணக்கு, ஈரம் ஏறிப்போச்சுன்னா அது 140க்கு இறங்கிரும். டாட் 4க்கு அதே கணக்கு 230, 155. கொதிச்சு ஆவியாயிட்டா நாம மிதிக்கிற மிதி பூராம் அந்த ஆவியை நசுக்கவே சரியாப் போயிரும், சக்கரத்துக்கு ஒண்ணும் போகாது.

அதனால நான் போட்டது ஒரு தரம் கூடுன பேடு, டாட் 4 ஆயில், முன்பக்கம் ஆயில் போற ரெண்டு ரப்பர் ஹோஸ், காலிப்பர் நகர்ற பின்னுக்கு கிரீஸ். அவ்வளவுதான். வடக்கு வெளி வீதியில சாமான் வாங்குனேன். கடைக்காரர் நாலு கம்பெனிப் பேரைச் சொன்னாரு, நான் டிவிஎஸ் கெர்லிங்னு கேட்டு வாங்குனேன். 1911ல நம்ம ஊர்ல ஆரம்பிச்ச கம்பெனிப் பேருங்கிற பாசம்தான், வேற காரணம் இல்ல.

பேடு மாத்துறது சுலபம். சக்கர நட்டை வண்டி தரையில இருக்கும்போதே இளக்கிரணும். பின்சக்கரத்துக்குக் கல்லு முட்டு, ஜாக்கியில தூக்கி ஸ்டாண்ட்ல உக்கார வைக்கணும். வெறும் ஜாக்கிய நம்பிக் கையை உள்ள விடுறவன் கூட நான் பேசுறதே இல்ல. காலிப்பர் கீழ்ப் போல்ட்டைக் கழட்டி மேல தூக்குனா பேடு கையோட வரும். முழுசாக் கழட்டுறதா இருந்தா கம்பி போட்டு ஸ்பிரிங்ல கட்டித் தொங்க விடுங்க, ஹோஸ்ல தொங்க விடாதீங்க. பிஸ்டனை உள்ள தள்ளுறதுக்கு முன்னாடி பானெட்டுக்குள்ள இருக்க பிரேக் ஆயில் டப்பாவுல கொஞ்சம் சிரிஞ்ச் வச்சு உறிஞ்சிருங்க. இல்லைன்னா பொங்கி வழிஞ்சு பெயிண்டைத் தின்னுரும்.

வேடிக்கை என்னன்னா, இடது பக்கம் உள்பேடு தேஞ்சு தகடாப் போயிருந்துச்சு, வெளிப்பேடு பாதி அப்படியே இருக்கு. காலிப்பர் நகர்ற பின்னு துருப்பிடிச்சு இறுகிக் கெடந்துச்சு. அது நகராம ஒரு பேடே எல்லா வேலையும் பாத்திருக்கு. அந்தப் பேடு டிஸ்க்க விட்டு விலகாம உரசிக்கிட்டே இருந்தா சூடு ஏறாம என்ன செய்யும்? பின்னைச் சுத்தம் பண்ணி கிரீஸ் தடவுனதுல மட்டும் வண்டி லேசா உருள்றது தெரிஞ்சுச்சு. டிஸ்க் பழசேதான், கனத்தை அளந்தேன், அதுல எழுதியிருக்க குறைஞ்சபட்ச அளவுக்கு மேல நல்லாவே இருந்துச்சு.

அப்புறம் போடிமெட்டு மலை இறங்குனேன். பெடல் மேலயே நிக்குது.

பணிமனைப் பெருசு:
தம்பி, நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா என்ன கிரீஸ்னு சொல்லாம விட்டுட்டீங்க. வீல் பேரிங்குக்குப் போடுற கிரீஸை அந்தப் பின்னுல தடவுனா ரப்பர் உப்பி மறுபடி இறுகிரும். பிரேக்குக்குனே விக்கிற சிலிக்கான் கிரீஸ்தான் போடணும்.

ஆயில் லைன்ல புகுந்த காத்தை எடுக்கும்போது இன்னொண்ணு. பழைய வண்டியில பெடலை முழுசா தரை வரைக்கும் மிதிக்க விடாதீங்க. பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள தினப்படி போகாத இடத்துல துரு அரிச்சிருக்கும், உள்ள இருக்க ரப்பர் வாஷர் அங்க போனா கிழிஞ்சுரும். பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டையைப் போட்டு வைங்க. காலிப்பர்ல காத்தை வெளிய விடுற நிப்பிளை இளக்கும்போது ரிங் ஸ்பேனர்தான். ஓப்பன் ஸ்பேனர் போட்டு முனையை மழுக்கிட்டு அப்புறம் லேத்துக்குத் தூக்கிட்டு வர்ற ஆளுங்களை நிறையப் பாத்திருக்கேன். எந்தச் சக்கரத்துல ஆரம்பிக்கிறதுங்கிறது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்க. முன்சக்கரம் இழுக்கிற கார்ல பெரும்பாலும் ஆயில் லைன் குறுக்குமறுக்கா ஓடும், ஒரு பக்க முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரு ஜோடி.

எல்லாம் மாட்டி முடிச்சதும் வண்டியை எடுக்காதீங்க. உள்ள தள்ளுன பிஸ்டன் இன்னும் பேடுகிட்ட வந்திருக்காது, முதல் மிதி சும்மா போயிரும். நின்ன இடத்துலயே பெடல் கட்டையாகுற வரைக்கும் மிதிங்க. தெருவுக்கு இறக்கி எதுத்த வீட்டுச் சுவத்துல முட்டுனவங்க உண்டு. பெடலை மிதிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க, லேசாக் கீழ இறங்கணும். இறங்கலைன்னா மிதிக்கு வலுக் கூட்டுற பூஸ்டரைப் பாக்கணும்.

மலை இறக்கத்துல ரெண்டாவது கியர். எந்த ஆயில் ஊத்துனாலும் சரி.

கே.கே.நகர் அக்கா:
எங்க வீட்டுல காத்து எடுக்கிற வேலைக்கு என் மகதான் கூட்டாளி. நான் கீழ படுத்து “மிதி”ம்பேன், அவ மிதிச்சுட்டு “மிதிச்சுட்டேன்”பா, நான் நிப்பிளைத் திறப்பேன், மூடுனப்புறம்தான் “விடு”ம்பேன். இந்த வரிசை தப்புனா காத்து திரும்ப உள்ள போயிரும். பக்கத்து வீட்டு மாமா வந்து “வீட்டுல ஆம்பளைங்க இல்லையாம்மா”ன்னு கேட்டாரு. “இருக்காரு மாமா, உள்ள சமைக்கிறாரு”ன்னேன்.

நான் சொல்ல வந்தது புதுப் பேடைப் படிய வைக்கிறது. இதைப் பலர் பண்றதே இல்ல. நான் விடியக்காலம் ரிங் ரோட்டுல ஆள் இல்லாத நேரத்துல போய், 60ல இருந்து 10 வரைக்கும் நிதானமா அழுத்திக் குறைப்பேன். முழுசா நிறுத்தக் கூடாது. சூடான பேடு ஒரே இடத்துல ஒட்டி நின்னா அந்த இடத்துல திட்டுத் திட்டாப் படிஞ்சு பிற்பாடு ஸ்டீயரிங் உதறும். கொஞ்ச நேரம் இப்படிப் பண்ணிட்டு, பிரேக்கை மிதிக்காமலே ஓட்டி ஆறவிட்டு வீட்டுக்கு வந்துருவேன். முதல்ல கொஞ்சம் வாடை வரும், பயப்படாதீங்க.

ஒத்தக்கடை:
எனக்கு வண்டியோட பின்சக்கரத்துல டிரம் பிரேக்கை எடுத்துட்டு டிஸ்க் மாட்டணும்னு ஆசை. ஒரு பட்டறையில விலையெல்லாம் பேசி முடிச்சிட்டோம். அப்புறம் விசாரிச்சதுல விட்டுட்டேன். பிரேக் அடிக்கும்போது பாரம் முன்னால சாயுது, முக்கால்வாசி வேலை முன்சக்கரத்துக்குத்தான். பின்னால அதிகமாப் பிடிச்சா பின்சக்கரம் லாக் ஆகி மழையில வண்டி சுத்திரும். ஹேண்ட் பிரேக்குக்கும் தனி ஏற்பாடு வேணும். அது போக, கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்துனா மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இருக்கு, அப்படி மாத்தக் கூடாதுனு 2019ல சுப்ரீம் கோர்ட்டும் கறாராச் சொல்லிருச்சு. நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரனுக்கு அது ஒண்ணே போதும். அந்தக் காசுல நாலு நல்ல டயர் போட்டேன். பிரேக் எவ்வளவு பிடிச்சாலும் ரோட்டைப் பிடிக்கிறது டயர்தானே.

திருமங்கலம் புதுசு:
அரை லிட்டர் டாட் 4 வாங்குனேன், கால்வாசி மிச்சம். அடுத்த தடவைக்கு வச்சுக்கலாமா? டாட் 5னு ஒரு பாட்டில் ஆன்லைன்ல பாத்தேன், அது இன்னும் நல்லதா?

பணிமனைப் பெருசு:
வேணாம் தம்பி. டாட் 5 சிலிக்கான் ஆயில், மத்ததோட சேராது. ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமத் தடுக்கிற அமைப்பு) இருக்க வண்டிக்கும் ஆகாது. 5.1ங்கிறது வேற, அது டாட் 4 கூடச் சேரும். பேரைப் பாத்து ஏமாந்துராதீங்க. சீல் உடைச்ச பாட்டிலை அலமாரியில வச்சா அதுவும் ஈரம் குடிக்கும். மிச்சத்தை ஒர்க்‌ஷாப்ல பழைய ஆயில் டிரம்ல கொடுத்துருங்க, சாக்கடையில ஊத்தாதீங்க. அடுத்த தடவை கால் லிட்டர் டப்பாவா வாங்குங்க.