துளையிடல் அனுமதிகள் பெருகும்போது கள ஆய்வு ஏன் சுருங்குகிறது?

நிலவியல் மாணவன் (கேள்வி):
அமெரிக்கக் கூட்டரசு நிலங்களில் எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்ட அனுமதி வழங்கும் நில மேலாண்மைப் பணியகத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். 1999 நிதியாண்டில் 1,803 ஆக இருந்த அனுமதிகள் 2004-இல் 6,399 ஆக உயர்ந்தன. அதே காலத்தில் சுற்றுச்சூழல் ஆய்வுகள் பின்தங்கின என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2005-இல் எழுதியது. வேலை பெருகினால் எல்லாப் பணிகளும் ஒரே அளவில் தாமதமாக வேண்டும் அல்லவா? ஆய்வு மட்டும் ஏன் முதலில் அடிபடுகிறது?

கோப்புக்காரர்:
அனுமதியைக் கேட்டு ஒரு நிறுவனம் வாசலில் நிற்கிறது. ஆய்வைக் கேட்டு யாரும் நிற்பதில்லை. துளையிடும் கருவியை நாள் வாடகைக்கு எடுத்தவர்கள் ஒவ்வொரு நாளையும் பணமாகவே எண்ணுவார்கள். போதாக்குறைக்கு, விண்ணப்பம் முழுமையானதா என்பதை 10 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், முழுமையானால் அடுத்த 30 நாட்களுக்குள் அனுமதிக்கவோ ஒத்திவைக்கவோ வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் கெடு விதித்தது. களத்துக்குப் போக வேண்டிய வல்லுநரே விண்ணப்பத்தின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டையும் எழுத வேண்டியிருந்தால், அவர் மேசையை விட்டு எப்படி எழுவார்? அனுமதி வழங்குவதில் முன்னணியில் இருந்த வயோமிங் மாநிலத்தின் பஃபலோ அலுவலகம், அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2004-இல் செய்ய வேண்டிய சுற்றுச்சூழல் ஆய்வுகளில் 27 விழுக்காட்டை மட்டுமே முடித்தது.

வடமேற்கு (மற்றொரு பதிலாளர்):
கெடுவை மட்டும் குறை சொல்வது முழு உண்மையாகாது. அதே சட்டம் நெருக்கடி மிகுந்த 7 அலுவலகங்களை முன்னோடித் திட்டத்தில் சேர்த்துக் கூடுதல் ஆட்களுக்கும் வழி செய்தது. பிற்பாடு வந்த சட்டம் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 9,500 டாலர் கட்டணம் விதித்தது. என் பார்வையில் பணத்தைவிட ஆட்களைத் தக்கவைப்பதே கடினம். பெட்ரோலியப் பொறியியலும் களப் பயிற்சியும் பெற்ற ஆய்வாளரை, எண்ணெய் விலை ஏறிய நேரத்தில், அவர் கண்காணிக்க வேண்டிய தொழிலே கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்கிறது.

நிலவியல் மாணவன்:
அப்படியானால் துளையிடல் வேகம் தணிந்த பிறகு விடுபட்ட ஆய்வுகளை முடித்துவிடலாமே?

கோப்புக்காரர்:
உற்பத்தி அளவீடு, கசிவு, நிலச் சீரமைப்பு போன்றவற்றைப் பிறகும் பார்க்கலாம். துளையிடும்போது பார்க்க வேண்டியதை அப்படிப் பார்க்க முடியாது. நிலத்தடி நீரைக் காக்கும் உறைகுழாயைச் சுற்றிச் சிமென்ட் செலுத்துவது சில மணி நேர வேலை. அதுவும் பல சமயம் நள்ளிரவில் நடக்கும். அப்போது அங்கே இல்லாத ஆய்வாளருக்குப் பின்னர் கிடைப்பது நிறுவனத்தின் பதிவேடும், கிணற்றுக்குள் இறக்கிய அளவிக் கருவிகள் தந்த வரைபடமும்தான். 2009 முதல் 2012 வரை தோண்டப்பட்டு, முன்னுரிமை தேவை என்று பணியகமே குறித்துவைத்த 3,702 கிணறுகளில் 2,100-க்கும் மேற்பட்டவை ஆய்வு செய்யப்படவில்லை என்று தணிக்கை அமைப்பு 2014-இல் கண்டது. அந்தக் கிணறுகளில் சிமென்ட் எப்போதோ இறுகிவிட்டது.